சிவப்பு நூல் கட்டிய துளிர்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஏப்ரல் மாதம். ஹங்கேரியில் கோசெக் என்று ஒரு சின்ன ஊர். ஆஸ்திரியா எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கே ஒன்றரை நாள் இருந்தோம். ஒரே நாளில் திரும்புவதாகத்தான் திட்டம். அரை நாள் கூடியது என்னால்.

நான் எட்டாவது வரை படித்தவன். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் முப்பது வருடம் கவாத்து வெட்டினேன். மகள் நியூ ஜெர்சியில் வேலைக்குப் போனாள். அங்கேயே சிட்டிசன் ஆனாள். எனக்கும் என் மனைவிக்கும் கிரீன் கார்டு அப்ளை பண்ணி அழைத்துக்கொண்டாள். இப்போது அங்கே ஐசலின் என்ற ஊரில் ஒரு இந்தியக் கடையில் காய்கறிப் பக்கம் வேலை பார்க்கிறேன். கறிவேப்பிலையில் பழுத்ததைக் கிள்ள வேண்டும். கீரையில் அழுகியதைக் கிள்ள வேண்டும். கை கிள்ளிக்கொண்டே இருக்கும். நடந்தது எல்லாம் அந்தக் கையால்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஹங்கேரி அம்மா இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். தனியாக இருக்கிறார். அவர் வேலியில் ஒரு திராட்சைக் கொடி. காடு மாதிரிப் படர்ந்து கிடக்கும். காய்க்காது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன். ஒரு மார்ச் மாதம் அவர் வெளியே போயிருந்த நேரம், கத்தரியை எடுத்துக்கொண்டு போய் வெட்டிவிட்டேன். கேட்கவில்லை.

அவர் வந்து பார்த்தார். முக்கால்வாசிக் கொடி தரையில் கிடந்தது. நேராக உள்ளே போனார்.

"போலீஸக் கூப்பிடத்தான் போயிருக்கு. சட்டையை மாத்திட்டு ரெடியா நில்லுங்க" என்றாள் என் மனைவி.

அந்த அம்மா ஒரு தட்டில் கேக்குடன் வந்தார். அந்த வருடம் கொடி நிறையக் காய்த்தது. அதிலிருந்து பழக்கம். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் வரும். அவர் நிதானமாகப் பேசுவார். கொடியைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொள்வோம்.

மாப்பிள்ளைக்கு ஆபீஸ் விஷயமாக வியன்னாவில் ஒரு வாரம் வேலை வந்தது. எல்லோருமாகப் போகலாம் என்றார். பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். வியன்னா வரை போய்விட்டு என் ஊரைப் பார்க்காமல் வந்தால் இந்த வேலியில் நின்று உங்களோடு பேச மாட்டேன் என்றார். அவர் தங்கை அங்கேதான் இருக்கிறாராம். கைடு வேலை. வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. போன் பண்ணிச் சொல்லிவிட்டார். கொடி தெரிந்த ஒருவர் வருகிறார் என்று சொன்னாராம். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையும் சேர்ந்துதான் கெடுத்தது.

வியன்னாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டோம். மாப்பிள்ளை டிரைவ் பண்ணினார். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

கைடம்மா ஊர் வாசலில் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். எனக்கு ஒன்றிரண்டு வயது சின்னவர். மற்ற கைடுகள் போலக் கையில் கொடிக்கம்பு கிடையாது, மைக் கிடையாது. தோளில் ஒரு துணிப் பை. தடிச் செருப்பு. மகள் என்னை அப்பா அப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். அவரும் "அப்பா" என்றே கூப்பிட்டார்.

"பாத்தீகளா, ஒங்களுக்கு அறுபது வயசுல இன்னொரு மக" என்றாள் என் மனைவி.

மேகம் வருகிறது, முதலில் தோட்டத்தைப் பார்த்துவிடலாம் என்றார் கைடம்மா. ஊருக்கு மேலே சரிவில் அவருடைய தோட்டம். சின்னதுதான். அங்கே பந்தல் போடுவதில்லை. இடுப்பு உயரத்துக்குக் கம்பி கட்டி வரிசையாக விட்டிருக்கிறார்கள். கொடியில் துளிர் கிளம்புகிற முடிச்சை நாங்கள் கண் என்போம். துளிர்த்த கண் எல்லாம் கருகியிருந்தது. நெருப்பில் வாட்டியது போலப் பழுப்பாகத் தொங்கியது. மூன்று நாளைக்கு முன் உறைபனி விழுந்ததாம்.

பனி இப்படிச் சுடும் என்று அன்றுதான் பார்த்தேன். எங்கள் பக்கம் கொடிக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெட்டினால் பத்துப் பதினைந்து நாளில் துளிர்க்கும். வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும். ஒரு துளிர் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அவர் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வேகமாகப் பேசினால் புரியாது. நான் முன்னால் போய்விட்டேன்.

மேல் கோடியில் ஒரு கல் சுவர். அதை ஒட்டி ஒரு கொடி. சுவரின் சூட்டில் அது மட்டும் தப்பித்திருந்தது. அதிலும் ஒரே ஒரு கண்ணில்தான் பச்சை. அந்த ஒரு கண்ணில் இரண்டு துளிர். ஒன்று இரண்டு விரல் நீளம். இலை விரிந்திருந்தது. இன்னொன்று நகம் அளவு. அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. நாங்கள் கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவோம். அது போல ஒரு கட்டு என்று நினைத்தேன்.

ஒரு கண்ணில் இரண்டு வந்தால் ஒன்றைக் கிள்ளிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் இரண்டும் சவலையாகப் போகும். பெரியதைப் பார்த்தேன். சுவர்ப் பக்கமாக வளைந்து போயிருந்தது. அடியில் கல் உரசிக் காயம். ஒரு காற்றுக்குத் தாங்காது. சின்னது நேராக, சுத்தமாக இருந்தது. பெரியதைக் கிள்ளினேன். நினைத்துச் செய்ததில்லை. கண் பார்த்தது, கை செய்தது. அடுத்தவர் தோட்டத்தில் குப்பை போடக் கூடாது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் பாதிச் சரிவிலேயே நின்றுவிட்டார்கள், யாரும் பார்க்கவில்லை. ஒரு உதவி செய்த திருப்தியோடு கீழே இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஊர். பழைய ஊர். நடந்தே பார்த்துவிடலாம். ஒரு சதுக்கம். அதில் இரண்டு சர்ச் அடுத்தடுத்து நிற்கிறது. ஒரு தெருவில் வீடுகள் ஒரே கோட்டில் இல்லை. ரம்பப் பல் போல ஒவ்வொன்றும் மூலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதிரி வந்தால் மூலையில் மறைந்து நின்று அடிக்க வசதி என்று சொல்வார்களாம்.

மாப்பிள்ளை கேட்டார், நிஜமாகவே அதற்குத்தான் கட்டினார்களா என்று.

அப்படித்தான் சொல்கிறார்கள், கட்டும்போது நான் இல்லை என்றார் கைடம்மா.

பதினொரு மணிக்குச் சர்ச் மணி அடித்தது. அந்த நாட்டில் எல்லா ஊரிலும் பகல் பன்னிரண்டுக்கு அடிப்பார்கள். இங்கே பதினொன்றுக்கும் அடிக்கிறார்கள். ஐநூறு வருடத்துக்கு முன்னால் துருக்கிப் படை பெரிதாக வந்து இந்த ஊர்க் கோட்டையைச் சுற்றி நின்றதாம். உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் பேர். விடவில்லை. அந்தப் படை கிளம்பிப் போன நேரம் பதினொரு மணி. அதற்காக இன்றைக்கும் அடிக்கிறார்கள். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு எண்ணிக்கை, எது சரி என்று எனக்குத் தெரியாது என்றார் கைடம்மா.

மாப்பிள்ளை என் காதோரம் வந்து, "என்ன மாமா, எது கேட்டாலும் தெரியாதுன்றாங்க. கூகுளே பெட்டர்" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு சுவரையும் தொட்டுவிட்டுத்தான் பேசினார். தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அப்படிப்பட்ட ஆளை அதிகம் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு புத்தகத்தைக் காட்ட ஊர் மியூசியத்துக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக்குள் இருந்தது. அதன் பக்கங்களைப் பெரிதாக்கித் தனியாகவும் வைத்திருந்தார்கள். மெதுவாகச் சொல்கிறேன், அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்றார். மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

அது திராட்சைத் துளிர்ப் புத்தகம். ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் ஆரம்பித்தது. வருடா வருடம் ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி தோட்டக்காரர்கள் துளிரை வெட்டிக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு அது எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ அந்த அளவில் படமாக வரைவார்கள். கூட்டிக் குறைத்து வரைவது கிடையாது. பக்கத்திலேயே அந்த வருடத்து மழை, வெயில், பனி எல்லாம் எழுதுவார்கள். அவ்வளவுதான். இருநூற்று எண்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது.

நான் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். சில வருடம் துளிர் முழ நீளத்துக்கு நிற்கிறது. சில வருடம் மொட்டு உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். வெறும் குச்சி போல ஒன்று. அதையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வரைந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். துளிர் இருக்கிறது. முப்பது வருடத்தில் நான் லட்சம் துளிர் பார்த்திருப்பேன். ஒன்றைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. கண் கலங்கியது. துடைத்துக்கொண்டேன்.

பிறகு கைடம்மா சொன்னார். நாளைக்கு இருபத்து நாலு. அவர் தோட்டத்திலிருந்தும் வருடா வருடம் ஒரு துளிர் போகும். கணவர் கொண்டு போவார். அவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் வெளியூரில். தனியாகப் பார்க்க முடியாது, விற்றுவிடு என்று பிள்ளைகளும் சொல்கிறார்கள், பக்கத்துத் தோட்டக்காரர்களும் சொல்கிறார்கள். நான் துளிர் கொண்டு போகிற வரைக்கும் அந்தத் தோட்டம் இருக்கிறது என்று அர்த்தம் என்றார். இந்த வருடம் பனியில் எல்லாம் போய்விட்டது. நல்லவேளை, சுவரோரம் ஒன்று தப்பித்தது, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், காலையில் கீழே இருந்தே காட்டினேனே என்று மகளிடம் சொன்னார்.

மகள் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது.

அது என் சட்டைப் பையில் இருந்தது.

நான் வெளியே வந்தேன். முற்றத்தில் ஒரு கல் பெஞ்சு. உட்கார்ந்தேன். மனைவி பின்னாலேயே வந்தாள். முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"என்ன செஞ்சீக?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாடிப் போயிருந்தது.

"அந்தச் சிவப்பு நூலா?"

தலையை ஆட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, நியூ ஜெர்சில பண்ணின மாதிரியே இங்கயுமா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா" என்றாள். மாப்பிள்ளை நல்லவர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"யாரும் பாக்கல மாமா. காத்துல ஒடிஞ்சிருக்கும்னு நினைச்சுப்பாங்க. நாம சாயங்காலம் கிளம்பிடுவோம். லீவ் இட்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அது காற்றில் ஒடிந்திருக்கக் கூடியதுதான். அதுவே எனக்கு வசதியான பொய்யாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக் காலையில் அந்த அம்மா தனியாகச் சரிவில் ஏறிப் போவார். கத்தியோடு குனிவார். நூல் இருக்கும். துளிர் இருக்காது. அந்த நேரம் நான் வியன்னாவில் ஹோட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.

மனைவி எழுந்தாள். "போய்ச் சொல்லுங்க. நானும் வாரேன்" என்றாள்.

கைடம்மா வாசலில் எங்களைத் தேடிக்கொண்டு நின்றார். மகளை மொழிபெயர்க்க விடவில்லை. நானே சொன்னேன். துளிரை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "ஐ கட். மார்னிங். ஐ நாட் ஆஸ்க். சாரி" என்றேன். எனக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

அவர் துளிரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். கத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கைக்குட்டையை நனைத்தார். துளிரை அதில் சுற்றினார். பிறகு, வாருங்கள், எங்கே கிள்ளினீர்கள் என்று காட்டுங்கள் என்றார்.

மறுபடியும் சரிவில் ஏறினோம். அவ்வளவு நீளமான ஏற்றம் காலையில் இல்லை.

கொடிக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். நகம் அளவு இருந்ததைத் தொட்டுப் பார்த்தார். ஏன் இதை விட்டு அதைக் கிள்ளினீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் கைக்குட்டையைப் பிரித்து, துளிரின் அடியில் இருந்த காயத்தைக் காட்டினேன். சுவரைக் காட்டினேன். வளைவைக் காட்டினேன். மகள் சொன்னாள்.

அவர் காயத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்கும் தெரியும், இது தாங்காது என்று, நாளை வரைக்கும் தாங்கினால் போதும் என்று இருந்தேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தமிழில் சொன்னாள்.

"அப்பா, செடிக்கு நீங்க செஞ்சது சரிதானாம். நாளைக்குச் செஞ்சிருக்கலாமாம்."

மாப்பிள்ளைக்கு அப்போது ஒரு வழி தோன்றியது. கிள்ளினால் என்ன, எப்படியும் நாளைக்கு வெட்டத்தானே போகிறீர்கள், தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் நிமிர்ந்துவிடும், அதையே கொண்டு போங்கள் என்றார். எனக்குக் கை எடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அது நடந்தால் போதும். என் தப்பு இல்லாமல் போய்விடும்.

கைடம்மா கைக்குட்டையைக் காட்டி, இது இன்றைய துளிர் என்றார். கொடியில் நகம் அளவு நின்றதைக் காட்டி, நாளைய துளிர் இதுதான் என்றார்.

ஒரு நாள்தானே வித்தியாசம் என்றார் மாப்பிள்ளை.

அந்தப் புத்தகத்தில் இருப்பது எல்லாமே ஒரு நாள்தான் என்றார் அவர்.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு கூகுள் பேச்சை எடுக்கவில்லை.

இன்றைக்குப் போகாதீர்கள், காலையில் கூட வாருங்கள் என்றார் கைடம்மா. அவர் வீட்டிலேயே தங்கினோம். தண்டனை போல இருந்தது எனக்கு. ஆனால் அவர் தண்டனையாகக் கூப்பிடவில்லை. சிவப்பாக ஒரு சூப் கொடுத்தார். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இம்புட்டு மொளகாப்பொடி போட்டும் ஒரப்பே இல்லயே, இதென்ன அதிசயம்" என்றாள். மகள் அதை மொழிபெயர்த்துவிட்டாள். அந்த அம்மா எழுந்து போய் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்து வைத்தார். மனைவி ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு.

நான் கிள்ளிய துளிரை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தார்.

காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தேன். நிமிர்ந்துவிட்டது. வாடினதற்கு அடையாளமே இல்லை. இலை பளபளவென்று விரிந்து நின்றது. பார்க்கிற யாரும் இப்போதுதான் வெட்டியது என்பார்கள். கைடம்மா காப்பி போட்டார். அந்த டம்ளருக்குப் பக்கத்திலேயே நின்று போட்டார். குளிர் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டார். கத்தியை எடுத்துப் பையில் போட்டார். டம்ளரை எடுக்கவில்லை.

தோட்டத்தில் நல்ல குளிர். மூச்சு புகையாக வந்தது. கொடிக்குப் பக்கத்தில் போனதும் கத்தியை என்னிடம் நீட்டினார்.

நான் வேண்டாம் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கணவர் போன பிறகு இரண்டு வருடமும் நானே வெட்டினேன், என் கை நடுங்கும், உங்கள் கை நடுங்காது என்றார். மனைவி என் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"நேத்து கேக்காமச் செஞ்சீக. இன்னைக்குக் கேக்குறாக. செய்யுங்க."

வெட்டினேன். கணுவில் காயம் படாமல், சுத்தமாக. நகம் அளவு. நுனியில் ரோஸ் நிறம். அவர் அதை ஈரத் துணியில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அந்தச் சிவப்பு நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு கண்ணுக்குள் மூன்று மொட்டு இருக்கும். இரண்டு போனாலும் மூன்றாவது தூங்கிக்கொண்டிருக்கும். அதை மகளிடம் சொல்லச் சொன்னேன். தெரியும், அதுவும் எழாமல் போகலாம், பார்ப்போம் என்றார். ஆறுதலுக்காகக்கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டார்.

ஊருக்குள் வந்தோம். தோட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஆளுக்கொரு துளிர். பனியில் எல்லோருக்கும் அடிதான். ஆனாலும் விரல் நீளமாவது வைத்திருந்தார்கள். அந்த அம்மாவுடையதுதான் எல்லாவற்றிலும் சின்னது. ஒரு பெரியவர் அதைப் பார்த்தார். என்னவோ கேட்டார். பேச்சு புரியவில்லை. கிண்டல் புரிந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். நேற்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. விற்றுவிடு என்று சொல்கிறவர்கள் இவர்கள்தான்.

டம்ளரில் இருந்ததைக் கொண்டுவந்திருந்தால் அங்கே இருந்ததிலேயே பெரியது அவருடையதாக இருந்திருக்கும்.

அவர் பதில் சொன்னார். நீளமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே என்னைக் கையால் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். பதினைந்து இருபது பேர். நான் அசையாமல் நின்றேன். பார்க்கட்டும். செய்தவன் நான்தான்.

அந்தப் பெரியவர் நேராக என்னிடம் வந்தார். என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். கட்டை விரலைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் துளிர் கிள்ளின நகம். தடித்து, ஓரம் தேய்ந்து, நடுவில் கறை பிடித்திருக்கும். கடையில் கீரை கிள்ளுவதால் கறை இன்னும் போகவில்லை. பார்த்துவிட்டுத் தன் கட்டை விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே நகம்.

அவர் சுற்றி நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். இப்போது எல்லோருமே சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. ஒருவர் என் முதுகில் தட்டினார். என் மனைவி மகளிடம், "ஒங்கப்பா நகத்துக்கு அமெரிக்காவுல கெடைக்காத மரியாத இங்க கெடச்சிருச்சுடி" என்றாள். அந்தப் பெரியவர் கைடம்மாவின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். விற்பதைப் பற்றி இல்லை. அது மட்டும் தெரிந்தது. என்ன என்று பிறகு மகள் கேட்டாள். உன் சுவரோரக் கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்ட வேண்டும், கல் உரசுகிறது, நான் வந்து கட்டித் தருகிறேன் என்றாராம்.

வரைகிறவர் ஒவ்வொரு துளிராக எடுத்து வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்த நகம் அளவுத் துளிரும் அதன் அளவிலேயே வந்தது. நுனியில் ரோஸ் நிறம் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கு அவசரமே இல்லை.

கிளம்பும்போது பதினொரு மணி அடித்தது. கைடம்மா நின்று கேட்டார். தினமும் கேட்கிறவர்தான். ஆனாலும் நின்றார். நாங்களும் நின்றோம். பிறகு கை கொடுத்தார். மறுபடியும் வாருங்கள், அப்பா, ஆனால் இருபத்தைந்தாம் தேதி வாருங்கள் என்றார். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். வியன்னா வரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

நியூ ஜெர்சி திரும்பியதும் பக்கத்து வீட்டம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று இருந்தது. காரிலிருந்து பெட்டியை இறக்கும்போதே வேலியில் நின்றிருந்தார். தங்கை போனில் எல்லாம் சொல்லிவிட்டாராம். என்னைக் கூப்பிட்டுத் தன் கொடியில் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. விரலை ஆட்டி, "நோ டச்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த நூல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பரில் கைடம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சுவரோரக் கொடி. கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கண்ணிலிருந்து மூன்றாவது மொட்டு எழுந்து கம்பி வரைக்கும் போயிருந்தது. குலை இல்லை. இலைதான். வேறு கொடியில் பழுத்ததைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதை அப்படியே அனுப்பியிருந்தார்.

இப்போது நான் கேட்காமல் எதையும் கிள்ளுவதில்லை. அதை அங்கே கற்றேன். ஆனால் அடிக்கடி ஞாபகம் வருவது அது இல்லை. அந்த ஜன்னல்தான். அதில் அந்த டம்ளர், பச்சையாக, நிமிர்ந்து, ஒரு கை நீட்டினால் எடுத்துவிடலாம் என்கிற தூரத்தில். அந்த அம்மா அதற்குப் பக்கத்தில் நின்று காப்பி குடித்து முடித்து, டம்ளரைத் திரும்பியும் பார்க்காமல், நகம் அளவு இருந்ததை வெட்டக் குளிரில் நடந்து போனார்.